எங்கே கிடைத்தது?

சிறு வயதில் நாம் எல்லோருமே எதையாவது சேர்த்தவர்கள்தாம். நமக்கு முன்னிருந்தவர்கள் தீப்பெட்டிப் படங்களையும் அஞ்சல் தலைகளையும் சேர்த்தார்கள். நான் மல்யுத்த வீரர்களின் படம் போட்ட சீட்டுகளைச் சேர்த்தேன். ஒரு சீட்டுக்காக உயிர் நண்பனோடு ஒரு வாரம் பேசாமல் இருந்ததும் உண்டு. ஆகவே, ஒரு விளையாட்டு வீரரின் படம் போட்ட அட்டையை ஒருவர் கோடிக்கணக்கில் விலை கொடுத்து வாங்கினார் என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆவல்தான் வந்தது.

அமெரிக்காவில் பேஸ்பால் வீரர்களின் படம் போட்ட அட்டைகளைச் சேர்ப்பது நூறாண்டுகளுக்கு மேற்பட்ட பழக்கம். மிக்கி மேன்டில் என்ற வீரரின் 1952ஆம் ஆண்டு அட்டை ஒன்று, 2022 ஆகஸ்டில் 126 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. நம் பணத்தில் ஏறத்தாழ நூறு கோடி ரூபாய்! பபிள்கம்மோடு சிறுவர்களுக்கு விற்ற அட்டை அது. அவ்வாண்டு விற்காமல் தேங்கிய அட்டைக் கட்டுகளைப் பின்னாளில் படகிலேற்றிக் கடலில் கொட்டியதாக, அதைத் தயாரித்த நிறுவனத்தில் பணியாற்றியவரே கூறியிருக்கிறார். கொட்டியதனால் அது அரிதாயிற்று. அரிதானதனால் விலை ஏறிற்று.

அஞ்சல் தலையின் கதையும் இதுவே. பிரிட்டிஷ் கயானாவில் 1856இல் அச்சான ஒரு சென்ட் அஞ்சல் தலை உலகில் ஒன்றே ஒன்றுதான் இருப்பதாகத் தெரிகிறது. அதை 1873இல் கண்டெடுத்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஆறு ஷில்லிங்குக்கு விற்றுவிட்டான். அதுவே 2014இல் 94 லட்சம் டாலருக்கு மேல் விலை போயிற்று. நம் நாட்டு அஞ்சல் தலைகளும் இந்த வரிசையில் உண்டு. காந்தியடிகளின் படத்தோடு 1948இல் வெளியான பத்து ரூபாய் அஞ்சல் தலையில், அரசுப் பயன்பாட்டுக்கென்று ‘சர்வீஸ்’ என்ற சொல்லை மேலே அச்சிட்ட தலைகள் மிகச் சில. அவற்றில் நான்கு சேர்ந்த ஒரு துண்டு 2017இல் ஐந்து லட்சம் பவுனுக்கு விற்பனையாயிற்று. எளிமையே உருவான காந்தியடிகள் இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எண்ணிப் பார்ப்பதுண்டு.

இவற்றையெல்லாம் படித்துப் படித்து எனக்கும் ஏலப் பித்துப் பிடித்துவிட்டது. மும்பையிலும் பெங்களூரிலும் நடைபெறும் காசு ஏலங்களைக் கைப்பேசியிலேயே பார்த்து வந்தேன். பாண்டியர் காசு என்ன விலை, சோழர் காசு என்ன விலை என்பது வேதியியல் சமன்பாடுகளைவிட எனக்கு நன்றாகப் பாடமாயிற்று. அதற்கு ஒரு காரணமும் இருந்தது. எங்கள் வீட்டில் ஒரு பழங்காசு இருக்கிறது.

கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிப் பக்கம் உள்ள காபித் தோட்டம் ஒன்றில் என் தாத்தா கூலி வேலை பார்த்தவர். நாற்று நடக் குழி வெட்டும்போது ஒருநாள் கடப்பாரை ஒரு மண் கலயத்தில் இறங்கியிருக்கிறது. உள்ளே பச்சை பூத்த செப்புக் காசுகள், இரண்டு கை நிறைய. தாத்தா அவற்றைத் துண்டில் முடிந்துகொண்டு வத்தலக்குண்டுக்கு இறங்கி, ஒரு பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டு, மேலே கொஞ்சம் பணமும் கொடுத்து ஒரு பித்தளைக் குடம் வாங்கி வந்தார். அந்தக் குடத்துத் தண்ணீரைக் குடித்துத்தான் என் தந்தையும் பிறகு நாங்களும் வளர்ந்தோம். ஒரே ஒரு காசு மட்டும் அப்பத்தாவின் சுருக்குப் பையில் தங்கிவிட்டது.

சென்ற ஆண்டு அந்தக் காசைப் படமெடுத்து ஒரு காசு வியாபாரிக்கு அனுப்பினேன். அவர் உடனே தொலைபேசியில் அழைத்தார். “தம்பி, நேர்ல கொண்டு வாங்க, விலை பேசிக்கலாம். எங்க கிடைச்சதுன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க” என்றார்.

அதே படத்தை வரலாற்றுத் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் காட்டினேன். விலையைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. “எங்கப்பா கிடைச்சது? எத்தனை அடி ஆழத்துல? கூட வேற என்ன இருந்துச்சு?” என்று அடுக்கடுக்காகக் கேட்டார். முதல் கேள்விக்கு மட்டுமே என்னிடம் விடை இருந்தது. காசின் இரு புறமும் தேய்ந்து போயிருந்தன. “மத்த காசும் இருந்திருந்தா ஒண்ணோட ஒண்ண ஒப்பிட்டு யார் காசுன்னு சொல்லியிருக்கலாம். இது ஒண்ண மட்டும் வச்சுக்கிட்டு என்னப்பா சொல்றது?” என்றார். மற்றவை எந்த உலையில் உருகி எந்தக் குடமாயினவோ!

ஒருவர் மறைக்கச் சொன்னதையே மற்றவர் முதலில் கேட்டார். இந்த வேறுபாட்டை எண்ணிப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

பேஸ்பால் அட்டையும் அஞ்சல் தலையும் தம் வரலாற்றைத் தம் முகத்திலேயே தாங்கியிருக்கின்றன. நாடும் பெயரும் விலையும் அவற்றில் அச்சாகியிருக்கின்றன. அவை நியூயார்க்கில் இருந்தாலும் நிலக்கோட்டையில் இருந்தாலும் சொல்லும் செய்தி ஒன்றே. அவற்றை எத்தனை கோடிக்கு வாங்கினாலும் யாருக்கும் நட்டமில்லை. மண்ணுக்குள் கிடக்கும் பொருள் அப்படிப்பட்டதன்று. எந்த இடத்தில், எந்த மண்ணடுக்கில், எவற்றோடு சேர்ந்து கிடந்தது என்பதே அதன் முகவரி. அந்த முகவரியைக் கிழித்தெறிந்துவிட்டுப் பொருளை மட்டும் விற்பது, கடிதத்தை எரித்துவிட்டு அஞ்சல் தலையை மட்டும் எடுத்து வைத்துக்கொள்வது போன்றதாகும்.

இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. பழனிக்குத் தென்மேற்கே, நம் மலையின் அடிவாரத்திலுள்ள பொருந்தல் என்ற ஊரில் 2009, 2010 ஆம் ஆண்டுகளில் புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் அகழாய்வு நடைபெற்றது. ஓர் ஈமச் சின்னத்துள் இருந்த நான்கு கால் சாடியில் ஏறத்தாழ இரண்டு கிலோ நெல் இருந்தது. அதே ஈமச் சின்னத்தில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த புரிமனை ஒன்றும் கிடைத்தது. அந்த நெல்லை அமெரிக்க ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு அனுப்பினார்கள். உயிருள்ளவரை பயிர் காற்றிலிருந்து கார்பன்-14 அணுக்களை ஏற்றுக்கொள்கிறது. அறுத்த பின் புதிதாக ஏற்பது நின்றுவிடுவதால், இருப்பவை சிதைந்து 5730 ஆண்டுகளில் பாதியாகக் குறைகின்றன. எஞ்சியிருப்பதை அளந்தால் காலம் தெரிந்துவிடும். பொருந்தல் நெல்லின் காலம் கி.மு. 490 என்று வந்தது. தமிழ் எழுத்தின் பழமையைப் பற்றிய விவாதத்தையே அது மாற்றிவிட்டது.

சிந்தித்துப் பாருங்கள். இரண்டு கிலோ பழைய நெல்லை எந்த ஏலக்காரர் கூவுவார்? யார் கேட்பார்? புதையல் தேடி ஒருவன் அந்தக் குழியை முன்னரே தோண்டியிருந்தால், மணிகளைப் பொறுக்கிக்கொண்டு நெல்லை மண்ணோடு தள்ளியிருப்பான். மணிகள் ஏதோ ஒரு கண்ணாடிப் பேழையில் நல்ல விலைக்கு அமர்ந்திருக்கும். நம் எழுத்தின் வயது மட்டும் தெரியாமலேயே போயிருக்கும். ஏலத்தில் விலையே இல்லாத பொருள்தான் நமக்கு விலைமதிப்பற்றதாயிற்று.

பழனி மலையின் கல்திட்டைகளைப் பற்றி ஆங்லேடு, நியூட்டன் என்ற இரு பாதிரிமார் எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. எங்கள் பக்கம் ‘குள்ளர் வீடு’ என்று சொல்லி நாங்கள் ஒளிந்து விளையாடிய இடங்கள் அவை. அவற்றுள் பல இன்று மூடுகல் புரண்டு, உள்ளே தோண்டப்பட்டுக் கிடக்கின்றன.

நிற்க. சேகரிப்பவர் எல்லோரும் குற்றவாளிகள் என்று நான் கூறவில்லை. ‘தினமலர்’ ஆசிரியராக விளங்கிய இரா. கிருஷ்ணமூர்த்தி காசு சேகரிப்பவராகத் தொடங்கியவர்தாம். ‘பெருவழுதி’ என்று பெயர் பொறித்த பாண்டியர் செப்புக்காசை அறிஞர் உலகுக்கு அறிமுகப்படுத்தி, சங்க கால மன்னர்கள் காசு வெளியிட்டார்கள் என்பதை நிலைநாட்டியவர் அவர். சேர்த்ததைப் பூட்டி வைக்காமல் படித்தார், எழுதினார், வெளியிட்டார். சேகரிப்பவர்க்கு அதுவே இலக்கணம்.

என் தாத்தாவையும் நான் குறை கூற மாட்டேன். “கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?” என்று இத்தகையோரைப் படித்தவர்கள் ஏளனம் செய்வதைக் கேட்டிருக்கிறேன். வாசனை அறியாதது அவர் குற்றமா? அறிய வைக்காதது யார் குற்றம்? அவர் முறைப்படி அரசிடம் ஒப்படைத்திருந்தால்தான் என்ன கிடைத்திருக்கும்? புதையலுக்கென்று நம்மிடம் உள்ளது 1878ஆம் ஆண்டுச் சட்டம். பத்து ரூபாய் பெறுமானத்துக்கு மேற்பட்ட புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். தவறினால் தண்டனை உண்டு. ஆட்சியர் அதை அரசுக்கென எடுத்துக்கொண்டால் தர வேண்டிய தொகை, அது ஆன உலோகத்தின் விலையும் அதில் ஐந்தில் ஒரு பங்கும். செப்புக் காசுக்குச் செம்பின் விலை! அதாவது, சட்டமும் அதை எடைக்குத்தான் வாங்குகிறது. பாத்திரக் கடைக்காரருக்கும் சட்டத்துக்கும் உள்ள வேறுபாடு அந்த ஐந்தில் ஒரு பங்குதான்.

இங்கிலாந்தில் 1996இல் புதிய புதையல் சட்டம் கொண்டுவந்தார்கள். அருங்காட்சியகம் ஒரு பொருளை எடுத்துக்கொள்ள விரும்பினால், வல்லுநர் குழு அதன் சந்தை விலையை மதிப்பிடுகிறது. முறையாகத் தெரிவித்தவருக்கும் நிலத்துக்கு உரியவருக்கும் அந்தத் தொகை பரிசாகக் கிடைக்கிறது. சட்டப்படி புதையல் ஆகாத சிறு பொருள்களையும், கிடைத்த இடத்தோடு பதிந்துகொள்ளும் திட்டம் 1997இல் தொடங்கியது. பொருளைப் பதிந்து திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது செய்தி.

நம் நாட்டிலும் இவ்வாறு செய்ய வேண்டும் என்பது என் கருத்து. கண்டெடுத்த கூலித் தொழிலாளிக்கு அரசு சந்தை விலையைத் தரட்டும். வட்ட அலுவலகம்தோறும் ஒரு பதிவேடு இருக்கட்டும். “ஏது உனக்கு?” என்று மிரட்டாமல் “எங்கே கிடைத்தது?” என்று கேட்பதற்கு ஓர் ஆள் இருக்கட்டும். அப்போது வியாபாரியின் “சொல்லாதே” என்ற சொல்லுக்கு வலிமை இராது. செலவு ஆகும்தான். ஆனால் தொலைந்த மண்ணடுக்கை எந்தச் செலவிலும் திரும்பப் பெற முடியாது.

சட்டம் மாறும்வரை நாம் காத்திருக்க வேண்டுமா? நம் கல்லூரியில் பண்ணைக்காட்டிலிருந்தும் தாண்டிக்குடியிலிருந்தும் ஆயக்குடியிலிருந்தும் வருகிறவர்கள் இருக்கிறோம். நம்மில் பலரின் பெற்றோர் மண்ணை வெட்டிப் பிழைப்பவர்கள். எந்தப் பேராசிரியரும் காணாததை அவர்கள் கைகள் கண்டிருக்கும். விடுமுறையில் ஊர் செல்லும்போது, கிணறு வெட்டுகையில், குழி தோண்டுகையில் என்ன கிடைத்தது, எங்கே கிடைத்தது என்று அவர்களைக் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களிலும் இதை ஒரு பணியாக மேற்கொள்ளலாம்.

நான் தொடங்கிவிட்டேன். தாத்தாவுக்கு எண்பது வயது நெருங்குகிறது. குழி வெட்டிய சரிவு எது, கலயம் கறுப்பா சிவப்பா, இடுப்பளவு ஆழமா முழங்காலளவா என்று அவர் நினைவில் உள்ளதையெல்லாம் எழுதிக்கொண்டேன். காசை வியாபாரியிடம் கொண்டு போகவில்லை. கோடை விடுமுறையில் தாத்தாவை அழைத்துக்கொண்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போவதாக இருக்கிறேன். செம்பின் விலை கொடுத்தாலும் சரி, ஒன்றும் கொடுக்காவிட்டாலும் சரி. அந்த நோட்டையும் காசோடு சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதே நான் வைக்கப் போகும் ஒரே கோரிக்கை.