செருகுநிரலும் இடைச்செருகலும்

பழஞ்சுவடிகளைப் பதிப்பித்த பெரியோர் பட்ட இடர்களுள் இடைச்செருகலை இனங்காணுதல் தலையாயது என்பதைத் தமிழ் வகுப்பினர் நன்கறிவர். ஏட்டின் ஓரத்தே எவரோ எழுதிவைத்த குறிப்பு, அடுத்துப் படியெடுத்தவன் கையால் மூலத்தினுள்ளே புகுந்துவிடும். அதன்பின் அது மூலமென்றே வழங்கும். படியெடுத்தவன் வஞ்சகன் அல்லன். தன் முன் இருந்ததை எழுதினான், அவ்வளவே. இணையத்தளங்களில் இந்நாளில் நிகழும் தீங்கொன்று இதனோடு பெரிதும் ஒத்திருத்தலை யாம் அண்மையிற் கண்டோம். வேறுபாடு ஒன்று உண்டு. ஏட்டிற் புகுந்த சொல் படிப்போனை மயக்குவதோடு நிற்கும். தளத்திற் புகுந்த சொல்லோ எழுந்து நடந்து வேலை செய்யும்.

முத்தாபுதுப்பேட்டையில் எம் இல்லத்துக்கு அணித்தாக ஊரார் நடத்தும் சிறு படிப்பகம் ஒன்றுளது. அதற்கு ஓர் இணையத்தளமும் உண்டு. மூன்றாண்டுகட்கு முன் பொறியியல் மாணவர் ஒருவர் அன்பின் பொருட்டுச் செய்துகொடுத்தது. வேண்டும் நூலின் பெயரை எழுதி அனுப்புதற்கு அதில் ஒரு படிவம் இருந்தது. அனுப்பியவை வரிசையாகச் சேர்ந்து நிற்கும். செயலாளர் மாலைதோறும் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து பார்ப்பார். அவர் தொழிற்சாலை வேலையினின்று ஓய்வுபெற்ற முதியவர்; ஊர்ப் பிள்ளைகள் யாவர்க்கும் தாத்தா. சென்ற ஆண்டு ஒரு ஞாயிறன்று, கைப்பேசியில் அத்தளத்தைத் திறந்த பள்ளிச் சிறுமி ஒருத்தி, நூற்பட்டியல் இருக்கவேண்டிய இடத்திற் சூதாட்டப் பக்கம் ஒன்று வந்து நிற்கக் கண்டு தந்தையிடம் காட்டினாள். மாலைக்குள் செய்தி தெருவெங்கும் பரவிற்று. "பெரியவர் எதையாவது தொட்டுத் தொலைத்திருப்பார்" என்றனர் சிலர். "அவருக்கு இதெல்லாம் எதற்கு?" என்றனர் வேறு சிலர். தாத்தா மறுமொழி ஒன்றும் கூறாது, படிப்பகச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வீடு சென்றார்.

அவர் தொட்டது ஒன்றுமில்லை. ஒருவர் கேட்டிருந்த நூலின் பெயரைப் படித்தார். அதுவே அவர் செய்தது. யாம் இத்துறையில் வல்லேம் அல்லேம். கணினியியல் பயிலும் நண்பர் ஒருவரைத் துணைக்கொண்டு தளத்தின் சேமிப்பைத் துருவியபோது, நூற்பெயர்க் கட்டத்தில், பெயரோடு ஒட்டி, கோணக்குறிகளுக்கிடையே ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதிய கட்டளை ஒன்று கிடந்தது. அது வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. படிவத்தை இயக்கிய செருகுநிரல், வந்த சொற்களை ஆராயாது ஏற்றுவைத்து, வைத்தபடியே நிர்வாகப் பக்கத்திற் காட்டிற்று. தாத்தா பக்கத்தைத் திறந்த அளவில் அவருடைய உலாவி அக்கட்டளையைத் தளத்தின் சொந்தக் கட்டளையென்றே கொண்டு நிறைவேற்றியது. அவர் உரிமையாலேயே புதிய நிர்வாகி ஒருவன் பதியப்பட்டான். வந்தவன் எல்லாப் பக்கங்களிலும் ஒரு வரியைச் செருகினான். உள்நுழைந்த நிர்வாகிகளின் கண்ணுக்கு அவ்வரி புலப்படாதவாறும் செய்துவைத்தமையால், நாடோறும் பார்த்துவந்த முதியவர்க்கு ஒன்றும் தெரியவில்லை. சேமிக்கப்பட்டுப் பின்னர் இயங்கும் இவ்வகைப் புகுத்தலை 'ஸ்டோர்டு கிராஸ்-சைட் ஸ்கிரிப்டிங்' என்பர். நாம் அதனைக் கிடைச்செருகல் எனலாம். கிடந்து காத்திருந்து கடிப்பதாகலின்.

"எங்கோ ஒரு மூலையிலுள்ள படிப்பகத்தின்மேல் எவர்க்கு என்ன பகை?" என்று பலரும் எம்மை வினவினர். பகை வேண்டுவதில்லை. உலகத் தளங்களுள் 100க்கு 40க்கு மேற்பட்டவை 2003ஆம் ஆண்டு தோன்றிய வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருளால் இயங்குவன. அதனோடு சேர்க்கும் செருகுநிரல்களோ பல்லாயிரம். அவற்றை எழுதுவோரும் பலதிறத்தர். ஒரு செருகுநிரலிற் குறை வெளிப்படின், அதனைக் கொண்ட தளங்களையெல்லாம் தானியங்கு நிரல்களே தேடிச் செல்லும். தெருவிலுள்ள எல்லாக் கதவையும் தள்ளிப் பார்க்கும் திருடனுக்கு வீட்டுக்காரன் பெயர் எதற்கு?

இத்தீங்கு புதிதும் அன்று. 2005 அக்டோபரில் சாமி காம்கார் என்னும் இளைஞர் மைஸ்பேஸ் தளத்திலிருந்த தம் பக்கத்தில் இத்தகைய கட்டளையொன்றை எழுதிவைத்தார். கண்டோர் பக்கமெல்லாம் அது தன்னைத்தானே படியெடுத்துக்கொண்டு, 20 மணி நேரத்திற்குள் பத்து இலட்சம் பேரைத் தொற்றிற்று. அவர் விளையாட்டாகவே செய்தார் என்பர். ஆயினும் வழக்காகித் தண்டனையும் எய்தினார். அண்மைக்காலத்து நிகழ்ச்சி நமக்கு இன்னும் நெருங்கியது. லைட்ஸ்பீட் கேஷ் என்னும் செருகுநிரலில், உள்நுழையாத எவரும் கட்டளையை விதைத்து, நிர்வாகி காணும் அறிவிப்பில் அது முளைக்கச் செய்யத்தக்க குறை ஒன்று இருந்தது. 2023 அக்டோபரில் 5.7.0.1 என்னும் திருத்தப் பதிப்பு வெளிவந்தது. குறையின் விவரம் 2024 பிப்ரவரியில் வெளியிடப்பட்டது. அந்நாளில் 40 இலட்சத்துக்கு மேற்பட்ட தளங்கள் அதனைக் கொண்டிருந்தன. 2024 மே மாதத்தில், பழைய பதிப்போடு நின்ற தளங்களிற் போலி நிர்வாகிகள் படைக்கப்படுதல் தெரியவந்தது. மருந்து கடைக்கு வந்து ஏழு திங்கள் கழிந்தும் உண்டாரில்லை.

இனிப் பரிகாரம். ஈண்டுத்தான் எம் கருத்து சிலரோடு மாறுபடுகின்றது. படிப்பகத் தளத்தைச் செப்பனிட வந்தவர், "வருவதையெல்லாம் வடிகட்டிவிட்டால் தீர்ந்தது" என்று கூறி, எழுத்தல்லாதன யாவற்றையும் நீக்கும் வடிகட்டி ஒன்றை வாயிலில் வைத்தார். மறுநாள் உறுப்பினர் பட்டியலில் நம் ஊர்ப்பெயர் 'மததபதபபடட' என்று நின்றது! யூனிகோடு வகுப்பின்படி தமிழ் உயிர்க்குறிகளும் புள்ளியும் 'எழுத்து' என்னும் இனத்தைச் சேர்ந்தவை அல்ல, சார்குறிகளாம். எழுத்தை மட்டும் விடுக என்னும் ஆணை அகரமேறிய மெய்களை மட்டும் விட்டு, காலையும் கொம்பையும் புள்ளியையும் களைந்தெறிந்தது. மெய்யின் இயற்கை புள்ளியொடு நிலையல் என்று கற்ற எமக்கு இதனைக் கண்டு நகுவதா அழுவதா என்று தோன்றவில்லை. இடையே மேற்குறியொன்றோடு பெயரெழுதும் டி'சூசா குடும்பத்தார்க்கும் அக்குறி போயிற்று. கள்வனுக்கு அஞ்சி விருந்தினர் கையைக் காலை வெட்டும் காவல் இது.

வல்லுநர் கூறும் முறை வேறு. வந்த சொல்லை வந்தவாறே வைக்கலாம். காட்டும்போது அதனைச் சொல்லாகவே காட்டுதல் வேண்டும். கோணக்குறி வருமிடத்து, அதனைக் கட்டளைத் தொடக்கமாகக் கொள்ளாது வெறும் வடிவமாகக் கொள்ளுமாறு உலாவிக்கு உணர்த்தும் மாற்றுக்குறியீடு உண்டு. அச்சிடுவோர் பிறர் கூற்றை மேற்கோட்குறிக்குள் அடக்குதல் போல்வது இது. பக்கத்தின் உடலில் ஒருவகை, இணைப்பு முகவரியில் ஒருவகை, கட்டளைக்குள் ஒருவகை என இடத்துக்கேற்ப அடக்கும் முறையும் வேறுபடும். இதற்குரிய கருவிகளை வேர்ட்பிரஸ் தன்னகத்தே வைத்திருக்கின்றது. அவற்றை வழங்காது விடுவது செருகுநிரல் எழுதுவோர் குற்றமே. தடித்த எழுத்து முதலியன எழுத இசைவளிக்க வேண்டுமாயின், இன்னின்ன குறிகள் மட்டும் ஆகும் என வரையறுத்த பட்டியலால் வடித்தல் தகும். எந்தக் கட்டளை இயங்கலாம் என்று உலாவிக்கு முன்னரே அறிவிக்கும் உள்ளடக்கப் பாதுகாப்புக் கொள்கை என்பதும் உண்டு. அது இரண்டாம் மதில். குக்கியைக் கட்டளைகள் படிக்கவொட்டாது மறைத்தலும் நன்றே. ஆனால் அம்மறைப்பையே நம்பியிருத்தல் பேதைமை. நிர்வாகியின் உலாவிக்குள்ளிருந்தே வேலை செய்பவன் சாவியைத் திருட வேண்டுவதில்லையே.

திருத்தப் பதிப்பை ஏற்றிய அளவில் எல்லாம் முடிந்ததென்று எண்ணுவாரும் உளர். முன்பே சேமிப்பிற் கிடக்கும் கட்டளையும், முன்பே பதிந்த போலி நிர்வாகியும் திருத்தத்தால் ஓடிப்போவதில்லை. யாம் அவ்விரண்டையும் கையாலேயே தேடிக் களைந்தோம். வேண்டாத நான்கு செருகுநிரல்களையும் முடக்கிவைக்காது அடியோடு நீக்கினோம். நாடோறும் படிவம் பார்ப்பவர்க்கு முழு நிர்வாக உரிமை எதற்கு? பார்க்கும் அளவே உரிமையுடைய கணக்கொன்று அவர்க்கெனத் தனியே செய்துள்ளோம். ஒருவேளை மீண்டும் ஒரு செருகல் புகுந்தாலும் அதன் கை நீளாது.

நம் கல்லூரி மாணவர் பலர் விடுமுறையில் ஊர்ச் சங்கங்கட்கும் கடைகட்கும் தளம் செய்துகொடுக்கின்றனர். பாராட்டத்தக்க பணியே. ஆனால் பட்டம் பெற்றுப் பிரிந்தபின் அத்தளங்களை எவர் பார்க்கின்றனர்? கடவுச்சொல் செய்தவரிடம், செய்தவர் பெங்களூரில், பழி மட்டும் ஊரிலிருக்கும் முதியவர் தலைமேல். தளம் செய்துகொடுக்கும் நாளிலேயே, அதனைத் திங்கள்தோறும் பார்ப்பவர் பெயரையும் எழுதிக்கொடுத்தல் வேண்டும் என்பது எமது துணிபு. நம் கணினிச் சங்கத்தார் இப்பொறுப்பை ஏற்று, பழைய மாணவர் செய்த தளங்களுக்கு ஒரு பதிவேடு வைப்பார்களாயின், யாமும் எம்மால் இயன்றது செய்வோம்.

படிப்பகக் குழு அடுத்த திங்கள் முதல் ஞாயிறு கூடுகின்றது. நிகழ்ந்தது இன்னதென்று இரண்டு பக்கத்தில் எழுதிக் குழுத் தலைவரிடம் கொடுத்திருக்கின்றோம். கூட்டத்தில் யாவரும் கேட்கப் படிப்பதாக உறுதி கூறியுள்ளார். சாவி இன்னும் அம்மேசைமேலேயே இருக்கின்றது.