பொறுப்பேற்க ஒரு மனிதர் வேண்டும்
திட்ட மேலாண்மையில் செயற்கை நுண்ணறிவு: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

மென்பொருள், கட்டுமானம், உற்பத்தி ஆகிய துறைகளில் திட்டங்களை நடத்துபவர்களின் சங்கம் எங்களுடையது. கூட்டக் குறிப்பு எழுதுவது, வேலை அட்டவணை போடுவது, வாராந்திர நிலை அறிக்கை தயாரிப்பது, எந்த வேலை தாமதமாகும் என்று முன்கூட்டியே சொல்வது போன்ற வேலைகளைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இன்று செய்துவிடுகின்றன. தாராளமாகச் செய்யட்டும். ஆனால் வேலை முடியும் தேதிக்கு வாக்குக் கொடுப்பதும், தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவெடுப்பதும், உடன் உழைப்பவரை மதிப்பிடுவதும் பெயரும் முகமும் உள்ள ஒரு மனிதரின் பொறுப்பிலேயே இருக்க வேண்டும். இதில் எங்களுக்கு விட்டுக்கொடுக்க இடமில்லை.

மனிதர் எப்போதும் கருவியைவிடச் சரியாக முடிவெடுப்பார் என்று நாங்கள் வாதிடவில்லை. 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். எஸ்.எல்.வி-3 ராக்கெட்டின் முதல் ஏவுதல். கடைசி நிமிடங்களில் சோதனைக் கணினி, கட்டுப்பாட்டு அமைப்பில் ஏதோ சரியில்லை என்று ஏவுதலை நிறுத்திவைத்தது. உடனிருந்த வல்லுநர்கள் கணக்குப் பார்த்து, எரிபொருள் கையிருப்பு போதும், ஏவலாம் என்றார்கள். திட்ட இயக்குநர் அப்துல் கலாம் கணினியை ஒதுக்கிவைத்துவிட்டு ஏவச் சொன்னார். இரண்டாம் கட்டத்தில் கோளாறு ஏற்பட்டு ராக்கெட் வங்காள விரிகுடாவில் விழுந்தது. அன்று கணினி சொன்னதுதான் சரி. பிற்காலத்தில் இதை மேடைகளில் மறைக்காமல் சொன்னவர் கலாமேதான்.

அன்று செய்தியாளர்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்தவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன். தோல்வியைத் தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்டார். என் குழுவை நம்புகிறேன், அடுத்த முறை சாதிப்பார்கள் என்றார். 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை அடைந்தபோது செய்தியாளர்களிடம் கலாமைப் பேசச் சொன்னார். இந்த நிகழ்ச்சியை மேலாண்மை வகுப்புகளில் கேட்காதவர் குறைவு. எங்கள் கண்ணில் படுவது, இடையில் கிடந்த அந்தப் பதினொரு மாதம். பழியைத் தலைவர் ஏற்றுக்கொண்டுவிட்டால் பொறியாளர்கள் யார்மீது தள்ளலாம் என்று தேட வேண்டியதில்லை. எங்கே கோளாறு என்று தேடலாம். எச்சரிக்கை கொடுக்க ஒரு கணினி போதும். அது பலிக்கும்போது முன்னால் வந்து நிற்க ஆள் வேண்டும்.

ஆகவே கருவியின் எச்சரிக்கையை மீறும் உரிமை திட்ட மேலாளருக்கு இருக்க வேண்டும் என்கிறோம். மீறினால் அதற்கான காரணத்தை அன்றைக்கே எழுதிவைக்கும் கடமையும் அவருக்கு உண்டு. கருவி சொன்னதை அப்படியே ஏற்றாலும் ஏற்றவர் பெயர் பதிவாக வேண்டும். 'சிஸ்டம் அப்படித்தான் காட்டியது' என்பதை வாடிக்கையாளருக்கோ ஊழியருக்கோ ஒரு பதிலாகச் சொல்லக் கூடாது.

அடுத்தது, கருவிக்கு எட்டாத தகவல். வெளியே பச்சை, உள்ளே சிவப்பு என்று இருக்கும் நிலை அறிக்கையை எங்கள் தொழிலில் தர்பூசணி ரிப்போர்ட் என்போம். உதாரணமாக, காலை ஸ்டாண்ட்-அப் கூட்டத்தில் டேட்டா மைக்ரேஷன் எந்த அளவில் இருக்கிறது என்று கேட்கிறார் மேலாளர். இரண்டாம் ஆண்டு ஊழியர் ஒருவர் கீபோர்டைப் பார்த்தபடி, "முடிஞ்சிடும் மேம்" என்கிறார். திட்டப்படி நடக்கிறது என்று கருவி குறித்துக்கொள்கிறது. வேலைகளைப் பதியும் ஜிரா மென்பொருளிலும் எல்லாம் ஒழுங்காகவே இருக்கிறது. மேலாளர் அவரை டீ குடிக்கக் கூட்டிப்போகிறார்.

"என்னப்பா, எங்க இடிக்குது?"

"டம்மி டேட்டால ஓடுது மேம். நெஜ டேட்டால இன்னும் ஓட்டவே இல்ல. கிளையன்ட் ஆக்சஸ் தரல. ரெண்டு மெயில் போட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டா நல்லாருக்காதுன்னு விட்டுட்டேன்."

அரை மணி நேரத்தில் மேலாளர் வாடிக்கையாளரைத் தொலைபேசியில் பிடிக்கிறார். அந்தப் பையனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அடுத்த முறை டீக்கடையிலும் "முடிஞ்சிடும் மேம்"தான் வரும். நாங்கள் தலைமைத் திறன் என்று சொல்வதில் பெரும்பகுதி இப்படி யார் கண்ணிலும் படாமல் நடப்பது.

அந்தத் தயக்கத்தையும் குரலையும் முகத்தையும் வைத்துக் கருவியே கண்டுபிடித்துவிடும் என்று சொல்லி விற்க வருகிறார்கள். இதை முற்றாக எதிர்க்கிறோம். ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் கொண்டுவந்த செயற்கை நுண்ணறிவுச் சட்டம், மருத்துவம், பாதுகாப்பு ஆகிய காரணங்கள் தவிர, வேலையிடத்தில் ஊழியரின் உணர்ச்சிகளைக் கருவி கொண்டு ஊகிப்பதற்குத் தடை விதித்திருக்கிறது. ஒருவரின் நடத்தையை வைத்து வேலையைப் பங்கிடும் கருவிகளையும் செயல்திறனைக் கண்காணித்து மதிப்பிடும் கருவிகளையும் அதிக அபாயமுள்ளவை என்று வகைப்படுத்தியிருக்கிறது. நம் நிறுவனங்கள் சட்டம் வரட்டும் என்று காத்திருக்காமல் இவ்விரண்டையும் இப்போதே தம் விதிகளில் சேர்க்க வேண்டும். உண்மையைச் சொன்னால் மதிப்பெண் குறையும் என்று தெரிந்த இடத்தில் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள்.

மிச்சமாகும் நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அறிக்கை வேலை குறைந்துவிட்டது என்பதையே காரணமாக்கி இரண்டு திட்டம் பார்த்தவர் தலையில் நான்கைக் கட்டும் போக்கைப் பார்க்கிறோம். நான்கு திட்டங்களின் ஊழியர்களோடு டீ குடிக்க யாருக்கும் நேரம் இருக்காது. கருவி மிச்சப்படுத்தும் நேரம் குழுவுக்கும் வாடிக்கையாளருக்கும் போய்ச் சேர வேண்டும்.

எங்களை மிகவும் கவலைப்பட வைப்பது புதிதாக வருபவர்களின் நிலைமை. கூட்டக் குறிப்பு எழுதும் வேலை சலிப்பானதுதான். ஆனால் அதை எழுதிய இளைஞர்கள் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பணத்தைப் பிடித்துவைத்திருப்பவர் யார், தலையாட்டிவிட்டுப் பிறகு பின்வாங்குபவர் யார், மூத்த மேலாளர் எந்த இடத்தில் வாயைத் திறக்காமல் இருக்கிறார் என்பதையெல்லாம் அங்கேதான் கற்றார்கள். அந்த வேலை கருவிக்குப் போனதும் அந்த நாற்காலியையும் எடுத்துவிட்டால், பத்து ஆண்டு கழித்துத் தலைமை ஏற்க ஆள் எங்கிருந்து வரும்? முதல் இரண்டு ஆண்டுகளில் இருப்பவர்களை வாடிக்கையாளர் கூட்டங்களிலிருந்து விலக்கக் கூடாது. அவர்கள் குறிப்பைத் தாங்களே எழுதிவிட்டு, பிறகு கருவி எழுதியதோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அபாயப் பட்டியலையும் அப்படியே செய்யலாம். கருவி விட்டதை அவர்கள் பிடிப்பார்கள், அவர்கள் விட்டதைக் கருவி பிடிக்கும். இரண்டுமே பாடம்தான்.

சங்கத்தின் பயிற்சி வகுப்புகளில் கருவிகளுக்கு ஒதுக்கும் நேரத்துக்குக் குறையாத நேரத்தை இனி உரையாடல் பயிற்சிக்கும் ஒதுக்குவோம்: தேதி தள்ளிப்போகிறது என்று வாடிக்கையாளரிடம் சொல்வது, மேலதிகாரியிடம் முடியாது என்பது, பதவி உயர்வு கிடைக்காதவரோடு உட்கார்ந்து பேசுவது. கருவி போட்ட தேதியில் நம்பிக்கை இல்லாமல் கையெழுத்திட மறுக்கும் உறுப்பினருக்கு அதனால் மதிப்பீட்டில் பாதகம் வந்தால், சங்கம் அவர் பக்கம் நின்று நிர்வாகத்திடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்கும்.