விசாரணைக்கு முன் தண்டனையா?

குற்றம் சாட்டப்பட்டவனைக் கூண்டிலே நிறுத்துகிறார்கள். சாட்சிகள் வருகிறார்கள், குறுக்கு விசாரணை நடக்கிறது, பிறகுதான் தீர்ப்பு, அதன் பிறகுதான் தண்டனை. தூக்கிலே போட்டுவிட்டுச் சாட்சியைக் கூப்பிடும் நீதிமன்றம் எங்கேனும் உண்டா? இல்லை. ஆனால், உழைப்பாளியின் மார்பிலே ஒரு கட்டி முளைத்துவிட்டால் மட்டும் இந்த முறை தலைகீழாகி விடுகிறது. முதலில் கத்தி! அது மறுபடி வளர்ந்த பிறகே, "இது என்ன கட்டி?" என்ற கேள்வி! இந்தத் தலைகீழ் முறை ஒழிய வேண்டும் என்கிறோம்.

மார்புச் சுவர் என்பது தோல், கொழுப்பு, தசை, விலா எலும்பு, குருத்தெலும்பு, நரம்பு, இரத்தக் குழாய் ஆகிய அத்தனையும் சேர்ந்து கட்டிய கோட்டை. இதயமும் நுரையீரலும் அதற்குள்ளே குடியிருக்கின்றன. அந்தச் சுவரிலே தோன்றும் புடைப்புகளில் மிகப் பல வெறும் கொழுப்புக் கட்டிகள், அஞ்ச வேண்டாம். ஆனால், அபூர்வமான கட்டி ஏமாற்றுகிறதே, அதுதான் ஆபத்து! உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட வகைப்பாட்டில் மென்திசுக் கட்டிகளும் எலும்புக் கட்டிகளும் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. அவற்றில் சர்க்கோமா எனப்படும் மென்திசுப் புற்றுநோய், பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் ஏறத்தாழ நூற்றில் ஒன்றுதான். சிற்றூர் டாக்டர் அதை அடிக்கடி பார்ப்பதில்லை. அவர்மீது பழி போடவும் நாம் முன்வரவில்லை. தெரியாததைத் தெரிந்ததாக எண்ணி வெட்டுவதைத்தான் கண்டிக்கிறோம்.

நான்கு பேரை எண்ணிப் பாருங்கள், தோழர்களே!

மூட்டை சுமக்கும் பெரியவர் ஒருவர், வயது அறுபது. தோள்சப்பையின் கீழ்முனையில் ஒரு புடைப்பு. கையை முன்னே நீட்டினால் வெளியே வருகிறது. இறக்கினால் உள்ளே ஒளிகிறது. இது எலாஸ்டோபைப்ரோமாவாக இருக்கக்கூடும். பின்லாந்து நாட்டு மருத்துவர்கள் யார்வி, சாக்சேன் ஆகியோர் 1961ஆம் ஆண்டு விவரித்து எழுதிய கட்டி இது. சப்பை எலும்பு மார்புச் சுவரோடு ஓயாமல் உராய்வதால் வருகிறது என்பது ஒரு கருத்து. பரம்பரைக்கும் பங்குண்டு என்பது மற்றொரு கருத்து. புற்றுநோய் அல்ல. எம்.ஆர்.ஐ. படத்தில் நார்த்திசுவுக்கு நடுவே கொழுப்பு கோடு கோடாகத் தெரியும். வலியில்லையேல் பெரும்பாலும் கத்தியே வேண்டாம்!

இரண்டாமவர் ஆலைத் தொழிலாளி. விலாவின்மேல் மெத்தென்ற வீக்கம், சூடில்லை, சிவப்பில்லை. காசநோய் அங்கே சீழாக வந்து தேங்கியிருக்கலாம். அப்படியானால் அவருக்குத் தேவை, மாதக்கணக்கில் விடாமல் உண்ண வேண்டிய காசநோய் மருந்து. கீறிவிட்டு, மருந்தை மறந்தால், புண் ஆறாமல் புரையோடும்.

மூன்றாமவர் ஓர் இளம் தாய். கல் போன்ற கட்டி. டெஸ்மாய்டு என்பது அதன் பெயர். உடலின் வேறு இடங்களுக்குத் தாவாது. ஆனால், இருக்கும் இடத்தில் வேர்விட்டுப் பரவும், வெட்டினாலும் மீண்டும் முளைக்கும். சில வேளை தானாகவே வளர்ச்சி நின்று சுருங்குவதும் உண்டு. ஆகவே, இன்று பல நோயாளிகளுக்கு முதற்படி, அறுவை அல்ல. படமெடுத்துக் கவனித்து வருவதே!

நான்காமவன் பள்ளிச் சிறுவன். விலாவிலே வலி, வீக்கம். 1979ஆம் ஆண்டு ஆஸ்கின் என்ற அமெரிக்க மருத்துவரும் உடன் பணியாற்றியோரும் 20 இளம் நோயாளிகளிடம் கண்டு எழுதிய கொடிய கட்டி அது. யூயிங் சர்க்கோமாவின் இனம் என்று பின்னர் தெளிவாயிற்று. இதற்கு மருந்துச் சிகிச்சை முதலில். அறுவையோ கதிரியக்கமோ பிறகு. வரிசை மாறினால் உயிருக்கே கேடு!

வெளியே தடவிப் பார்த்தால் நான்கும் கட்டிதான். உள்ளே நான்கு நோய், நான்கு நியாயம். கை சொல்லுமா இதை? கண் சொல்லுமா?

சொல்ல வேண்டியவர்கள் மூன்று சாட்சிகள். ஒன்று, படம்: ஸ்கேனும் எம்.ஆர்.ஐ.யும் கட்டி எவ்வளவு ஆழம், விலாவைத் தொடுகிறதா என்று காட்டும். இரண்டு, ஊசி: சற்றே தடித்த ஊசியால் கட்டியிலிருந்து நூலளவு திசுவை எடுக்கும் பயாப்சி. மூன்று, பத்தாலஜி நிபுணர்: திசுவைச் சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்து, தேவையானால் மரபணு மாற்றத்தையும் தேடி, பெயர் சொல்பவர்.

"ஊசி குத்தினால் பரவிவிடுமாமே!" என்று அஞ்சுகிறார்கள். முறையாகக் குத்தும்போது அந்த ஆபத்து மிகமிகக் குறைவு. அந்தக் குறைவான ஆபத்துக்கும் வழி வைத்திருக்கிறார்கள்: பின்னால் எங்கே அறுக்கப் போகிறார்களோ, அந்தக் கோட்டிலேயே ஊசியை இறக்குவார்கள்; ஊசி சென்ற வழியையும் சேர்த்து எடுத்துவிடலாம். திட்டமின்றி வெட்டுவதோ பாதியை உள்ளே விட்டு, நல்ல சதையையும் கெடுக்கிறது. அடுத்த அறுவையில் ஓரங்குலத்துக்குப் பதில் ஒரு சாண் போகும். விலா எலும்பும் போகலாம்!

இதிலே ஏமாறுபவர் யார்? அன்றாடம் காய்ச்சி! படமெடுக்க ஒரு நாள் கூலி போகும். பெரிய மருத்துவமனைக்குப் போகப் பேருந்துச் செலவு. "பத்து நிமிட வேலை, நாளையே வேலைக்குப் போகலாம்" என்ற சொல் அவருக்கு இனிக்கிறது. வசதியுள்ளவருக்கு மூன்று சாட்சியும் வீடு தேடி வரும். வறியவருக்கு மட்டும் விசாரணையில்லாத் தண்டனையா? ஏழையின் மார்பென்ன இளக்காரமா?

ஆகவே கேட்கிறோம்: வெட்டியெடுக்கும் எந்தக் கட்டியும் குப்பைத்தொட்டிக்குப் போகக் கூடாது, பத்தாலஜி சோதனைக்குப் போக வேண்டும். ஐயத்துக்குரிய கட்டியை மாவட்டத்திலிருந்து தகுந்த இடத்துக்கு அனுப்ப ஒழுங்கான வழி வேண்டும். அங்கே அறுவை மருத்துவரும் படம் பார்ப்பவரும் பத்தாலஜி நிபுணரும் புற்றுநோய் மருத்துவரும் கூடிப் பேசி முடிவெடுக்க வேண்டும்.

நம் தோழர்களுக்கும் கடமை உண்டு. கட்டி 5 சென்டிமீட்டருக்கு மேலா? வளர்கிறதா? தசைக்குள் ஆழமாக இருக்கிறதா? எடுத்த இடத்திலேயே மீண்டும் வந்ததா? ஒன்றுக்கு "ஆம்" என்றாலும், "முதலில் படம், பிறகு பயாப்சி, அதன் பிறகே கத்தி" என்று வாய் திறந்து கேளுங்கள். சூடு வைப்பதையும் பத்துப் போடுவதையும் விடுங்கள். அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள். உங்கள் திசுவின் கண்ணாடித் தகடும் மெழுகுக் கட்டையும் ஆய்வுக்கூடத்தில் இருக்கும், இன்னொரு நிபுணரின் கருத்துக்கு அவற்றைக் கேட்டு வாங்கி அனுப்பலாம்.

கூலி குறைந்தால் கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள் நாம். நம் உடலிலே கத்தி வைக்கப்படும்போது வாய் மூடி இருக்கலாமா? பெயர் தெரியாத கட்டிக்குக் கத்தி இல்லை. விசாரணை முதலில், தீர்ப்பு பிறகு!