எல்லார் சட்டத்திலும் ஒரே மயில்

எங்கள் தெருவில் ஒரு மொட்டை மாடிக் கொட்டகையில், சனிக்கிழமை மதியம் பத்துப் பன்னிரண்டு பெண்கள் கூடி ஆரி வேலை பழகுகிறார்கள். மரச்சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டிய துணி. மேலே வலது கையில் கொக்கி ஊசி, அடியில் இடது கையில் நூல். ஊசி இறங்கி, நூலைக் கவ்விக்கொண்டு வளையமாக மேலே வரும். ஒரு வளையத்துக்குள் அடுத்தது. அதுதான் சங்கிலித் தையல். கடைசி வளையத்தில் முடிச்சுப் போட மறந்தால் போச்சு, நுனியை இழுத்ததும் அரை நாள் உழைப்பு சரசரவென்று அவிழ்ந்துவிடும். போன வாரம் ஓர் அக்காவுக்கு அப்படித்தான் ஆனது. முதலில் சிரித்ததும் அவர்தான். என் குறை வேறு. எல்லார் சட்டத்திலும் அதே மயில், அதே மாங்காய். ட்ரேஸ் பேப்பரில் வந்ததை ஒற்றியெடுத்து மணி கோப்பதற்குப் பெயர் ‘கிரியேட்டிவ் ஒர்க்‌ஷாப்’! நீலகிரியில் தோடர் பெண்கள் துணியில் ஒரு கோடுகூட வரைவதில்லை. வெள்ளைப் பருத்தித் துணியின் இழைகளை எண்ணி எண்ணியே சிவப்பும் கறுப்புமாக நூலை ஓட்டுகிறார்கள். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற வேலை அது. அதைக் காப்பியடிக்கச் சொல்லவில்லை. இழை எண்ணும் பழக்கத்தையாவது காட்டித் தரலாமே. “கல்யாண ஜாக்கெட்டுக்கு மயில்தாங்க கேக்குறாங்க, காசும் அதுலதான்” என்கிறார் டீச்சர். நியாயம்தான். மயில் இருக்கட்டும். நாலு சனிக்கிழமையில் ஒன்றிலாவது ட்ரேஸ் பேப்பரை ஒளித்து வைத்துவிட்டு, ஆளுக்கொரு பழைய புடவைத் துண்டைக் கொடுத்து உட்கார வையுங்கள், டீச்சர்.