ஒக்ஸ்போர்டில் ஒரு நாட்பொழுது

ஒக்ஸ்போர்ட் நகருக்குப் புதிதாகச் செல்வோர் தவறாது கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "சர்வகலாசாலை எங்கே இருக்கிறது?" என்பதே அது. நமது பேராதனையைப் போல ஒரே வளவுக்குள் அமைந்த கலாசாலையை மனத்திற்கொண்டு செல்வோர் திகைப்பர். அங்கே ஊரே சர்வகலாசாலை. முப்பதுக்கு மேற்பட்ட கல்லூரிகள், கடைகளுக்கும் கோயில்களுக்கும் இடையிடையே மதில் மறைவில் இருக்கின்றன. 1096 ஆம் ஆண்டளவிலேயே அங்கே கல்வி புகட்டப்பட்டது என்பர். ஆயினும் இன்ன நாளில் இன்னார் தொடக்கினார் என்று கூறுதல் இயலாது. 1249, 1263, 1264 என்னும் ஆண்டுகளைத் தம் பிறந்த ஆண்டாகக் கொண்டாடும் மூன்று கல்லூரிகள், தம்முள் மூத்தது யாது என்னும் வழக்கை இன்னும் தீர்த்தபாடில்லை. நம்மூர்க் கோயில் திருவிழாக்களில் முதல் மரியாதை யாருக்கு என்று நடக்கும் வழக்குகளை அறிந்தவர்களுக்கு இது புதுமையன்று.

அந்நகரிலே என் நண்பர் ஒருவர் நெடுங்காலமாகக் குடும்பத்துடன் வாழ்கின்றார். யாழ்ப்பாணத்திலே ஒரே வாங்கில் இருந்து என்னோடு படித்தவர். "இலண்டன் வரை வந்துவிட்டு எங்களைப் பாராமற் போவீரோ?" என்று அவர் தொலைபேசியிற் கடிந்துகொண்டமையால், சென்ற ஆனி மாதத்து ஒரு சனிக்கிழமை பாடிங்டன் நிலையத்திற் புகையிரதம் ஏறினேன். ஒரு மணி நேரப் பயணந்தான். நண்பரும், அவர் மனைவியாரும், பதின்மூன்று வயது மகனும், ஏழு வயது மகளும் நிலையத்தில் எதிர்கொண்டனர்.

அன்று முதற் பாடம் எனக்குக் கற்பித்தவள் அச்சிறுமியே. மக்டலன் என்று எழுத்துக் கூட்டி நான் வாசித்த கல்லூரியின் பெயரை, "மாமா, அது மோட்லின்!" என்று திருத்தினாள். தேம்ஸ் நதியும் அவ்வூரைத் தொடும்போது ஐசிஸ் என்னும் பெயர் பூணுகின்றது. 'எழுதுவது ஒன்று, சொல்வது ஒன்று' என்பது அங்கே குற்றமன்று போலும்.

1602 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட பொட்லியன் நூலகத்தின் முற்றத்தில் சிறிது நேரம் நின்றோம். அங்கிருந்து எவருக்கும் நூல் இரவல் கொடுப்பதில்லை. 1645 இல் முதலாம் சார்ள்ஸ் மன்னரே ஒரு நூலைக் கேட்டனுப்பியும் மறுத்துவிட்டார்களாம். வாசகராகச் சேர்வோர், நூலகத்தினுள்ளே தீயைக் கொண்டு வரவோ மூட்டவோ மாட்டேன் என்று உறுதிமொழி கூறுதல் வேண்டும். நண்பர் இதனை விளக்கியபோது அவர் மனைவியார், "எங்கள் ஊர் நூலகத்துக்கு அப்படி ஒரு சத்தியம் வாங்க ஆளில்லாமற் போனதே" என்றார். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது அவர் பாடசாலைச் சிறுமி. நாங்கள் ஒன்றும் பேசாமல் அடுத்த வீதிக்கு நடந்தோம்.

நண்பகலில் சேர்வெல் ஆற்றிலே ஓடம். தட்டையான அடியுடைய நீண்ட மர ஓடத்தைக் கோல் ஊன்றித் தள்ளுவதே அங்கு பெரு விளையாட்டு. கேம்பிரிட்ஜிலே ஓடத்தின் பலகை மேடைமீது நின்று தள்ளுவார்கள். ஒக்ஸ்போர்டிலோ மேடையை முன்னே விட்டுப் பின்னே ஓடத்தினுள் நின்று தள்ளுவார்கள். இரண்டில் எது முறை என்று அவ்விரு ஊராரும் வாதாடுவர். நண்பர் கோலைக் கையில் எடுத்தபோது, "நான் பண்ணைக் கடலைப் பார்த்து வளர்ந்தவன்" என்று மார்தட்டினார். பார்த்தல் வேறு, தள்ளுதல் வேறு. மூன்றாம் ஊன்றலிலே கோல் சேற்றிற் புதைந்தது. ஓடம் முன்னே செல்ல, நண்பர் கோலை விடுவதா ஓடத்தை விடுவதா என்று ஒரு கணம் தயங்கினார். நல்லவேளையாகக் கோலை விட்டார். கரையிலிருந்த மாணவர் கைகொட்டி ஆரவாரம் செய்தனர். பின்னால் வந்த ஓடத்துப் பெண்ணொருத்தி கோலைப் பிடுங்கிக் கொணர்ந்து கொடுத்தாள். அதன்பின் மகன்தான் ஓட்டினான். மிக நேர்த்தியாகவே ஓட்டினான். பருத்தித்துறை வடையும் முட்டை வைத்த பாணும் ஓடத்திலேயே உண்டோம். வாத்துகள் வடைக்காக நெடுந்தூரம் தொடர்ந்து வந்தன.

பிற்பகலில் வோல்ற்றன் வீதியை அண்டிய செயின்ற் செப்பல்க்கர் சேமக்காலைக்குச் சென்றோம். அதுவே அன்று மகன் கேட்டுக்கொண்ட இடம். திருக்குறளை 1886 இலும், நாலடியாரை 1893 இலும், திருவாசகத்தை 1900 இலும் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜி. யு. போப் அங்கேதான் துயில்கின்றார். தமிழ்ப் பாடசாலை விழாவிலே போப்பையரைப் பற்றிப் பேசுவதற்குப் பையன் ஆயத்தஞ் செய்துகொண்டிருந்தான். பேச்சைத் தந்தையார் எழுதிக் கொடுத்திருந்தார். 'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகின்றான் என்று அவர் கல்லறையிலே பொறிக்கப்பட்டுள்ளது' என்று அது தொடங்கிற்று. மேடைதோறும் நாம் கேட்டுப் பழகிய வாக்கியம் அன்றோ?

புல் வளர்ந்த பாதையாற் சென்று கல்லைக் கண்டுபிடித்தோம். பையன் குனிந்து ஒவ்வொரு வரியாக வாசித்தான். பின் நிமிர்ந்து, "அப்பா, நீங்கள் எழுதின வசனம் இதில் இல்லையே!" என்றான்.

நண்பர் தாமும் வாசித்தார். கல்லின் பின்புறமும் போய்ப் பார்த்தார். "எல்லாருந்தானே அப்படிச் சொல்லுகிறார்கள்" என்றார்.

"எல்லாரும் சொன்னால் கல்லு மாறுமோ?" என்றார் மனைவியார்.

கல்லில் இருப்பது இதுவே: அவர் தென்னிந்தியாவைச் சேர்ந்தவர், சர்வகலாசாலையிலே தமிழும் தெலுங்கும் போதித்தவர், பேலியல் கல்லூரிக் குருவானவர், 1820 ஏப்ரல் 24 இற் பிறந்து 1908 பெப்ருவரி 11 இல் இறந்தவர். கீழை நாட்டு இலக்கியத்துக்கும் தத்துவத்துக்கும் அவர் வாழ்நாளெல்லாம் செய்த தொண்டைப் போற்றி, அவர் குடும்பத்தாரும் தென்னிந்தியாவிலுள்ள தமிழ் நண்பர்களும் இக்கல்லை நாட்டினர்.

கனடாவிற் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த ஒருவரைத் தென்னிந்தியர் என்று கல்லிலே வெட்டியிருக்கின்றார்கள். கடலுக்கப்பால் இருந்த தமிழர், பெற்ற பிள்ளைகளோடு சமமாக நின்று அந்தக் கல்லை வைத்திருக்கின்றார்கள். மேடைக் கதையிலே போப் நம்மைப் புகழ்கின்றார். கல்லிலோ நம்மவர் தம் கடனைச் செலுத்துகின்றனர். இரண்டாவதே மேலானது என்பது என் எண்ணம். அதனை விட்டுவிட்டு ஏன் இல்லாத வசனத்தை நூறாண்டாகச் சுமக்கின்றோம் என்பது விளங்கவில்லை.

அதே சேமக்காலையிலே பேலியல் கல்லூரித் தலைவர் ஜோவெற்றின் கல்லறையும் இருக்கின்றது. திருவாசகத்தை மொழிபெயர்க்க ஆண்டுகள் பலவாகும், அதுவரை உயிர் நிலைக்குமோ என்று போப் தயங்கியபோது, பெரும் பணி ஒன்றைக் கைக்கொண்டிருப்பதே நீண்ட நாள் வாழும் வழி என்று தேற்றியவர் அவரே. ஜோவெற் 1893 இல் மறைந்தார். போப்போ அந்நூலின் முன்னுரையைத் தம் எண்பதாவது பிறந்தநாளிலே முடித்தார். இதனைக் கூறியதும் பையன் சட்டைப்பையிலிருந்து பேச்சுத் தாளை எடுத்து, முதல் வரியை அங்கேயே வெட்டினான். "மிச்சத்தையும் வெட்டிவிடாதே தம்பி, நான் இரவிரவாக எழுதினது" என்று நண்பர் கெஞ்சினார்.

கோடைகாலமாதலால் ஒன்பது மணிக்கும் வானில் வெளிச்சம் இருந்தது. கிறைஸ்ற் சேர்ச் கல்லூரியின் ரொம் என்னும் பெருமணி இரவு ஒன்பது மணி ஐந்து நிமிடத்துக்கு நூற்றொரு முறை ஒலிக்கும். முற்காலத்தில் அங்கிருந்த நூற்றொரு மாணவரைக் குறித்த கணக்கு அது. புகையிரதம் வருமுன் ஒக்ஸ்போர்ட்டின் கடிகாரம் கிறீனிச்சுக்கு ஐந்து நிமிடம் பிந்தியிருந்தது. அம்மணி இன்றும் பழைய நேரத்தையே மதிக்கின்றது. மொய் எழுதும் நம்மவருக்கு நூற்றொன்று பழகிய எண்ணே என்றேன்.

வீதியோரத்தில் நின்று பிள்ளைகள் இருவரும் எண்ணினார்கள். சிறுமிக்குத் தொண்ணூற்றெட்டு வந்தது, அண்ணனுக்கு நூற்றிரண்டு. "நாளைக்கும் அடிக்கும், நாளைக்கு எண்ணுங்கோ" என்று தாயார் இருவரையும் கையிற் பிடித்துக்கொண்டு நிலையத்துப் பக்கம் திரும்பினார்.