சோறு மட்டும் போதுமா?

 

குழந்தைகள் இல்லத்தில் தங்கி நம் பள்ளிக்கு வரும் பிள்ளைகளில் ஒருத்தி என் தோழி. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பெயர் சொல்ல மாட்டேன். அவர்களுடைய அடையாளத்தைப் பத்திரிகையில் வெளியிடக் கூடாது என்று 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் சொல்கிறது. நம் சுவர் இதழும் பத்திரிகைதானே!

ரேங்க் கார்டு கொடுத்த அன்று, "மார்க் குறைஞ்சா உங்க அம்மா அடிப்பாங்களாடி?" என்று யோசிக்காமல் கேட்டுவிட்டேன். மத்தியானம் அவள் சாப்பிடவே இல்லை. அப்புறம் சொன்னாள்: "சோறு, துணி எல்லாம் தர்றாங்க. ராத்திரி அழுகை வந்தா யார்கிட்ட சொல்றதுன்னுதான் தெரியல. பேசிப் பழகின அக்காவும் வேலையை விட்டுப் போயிட்டாங்க."

வீட்டில் சொன்னபோது, "மூணு வேளை சோறு கிடைக்குதே, அப்புறம் என்ன கவலை?" என்றார் பாட்டி. "பாட்டி, அழுதா எனக்கு உங்க மடி இருக்கு. அவளுக்கு?" என்றேன். பாட்டி பதில் பேசவில்லை.

உணவு, உடை, இருப்பிடத்தோடு மனநல ஆலோசனையும் தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 53-ஆவது பிரிவு சொல்வதாக சமூக அறிவியல் டீச்சர் சொன்னார். அப்படியென்றால் அது தர்மம் இல்லை, உரிமை! பேசிப் பழகிய ஆள் அடிக்கடி மாறினால், பிள்ளைகள் யாரை நம்பி மனசைத் திறப்பார்கள்? திடீரென்று கோபப்படுகிறவர்களும், பேசாமலே இருக்கிறவர்களும் கெட்ட பிள்ளைகள் இல்லை. உள்ளே ஏதோ வலிக்கிறது, அவ்வளவுதான்.

நாம் என்ன செய்யலாம்?

* 'ஹோம் பிள்ளை' என்று கூப்பிடாதீர்கள். அவர்களுக்குப் பெயர் இருக்கிறது.
* "அப்பா அம்மா எங்கே?" என்று துருவாதீர்கள். அவர்களாகச் சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள். கேட்டதை ஊரெல்லாம் பரப்பாதீர்கள்.
* ஆசிரியர்களே, "அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வா" என்பதற்குப் பதில் "வீட்டுப் பெரியவங்களைக் கூட்டிட்டு வா" என்று சொல்லலாமே!
* இல்லத்தில் பிறந்தநாள் கொண்டாடப் போகிறவர்கள் போட்டோ எடுக்க வேண்டாம். கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்.
* யாராவது துன்புறுத்தினால் 1098-க்குப் போன் செய்யலாம். காசு கிடையாது. இரவிலும் எடுப்பார்கள்.

நான் அவளிடம் மன்னிப்பு கேட்டுவிட்டேன். இப்போது தினமும் ஒன்றாகத்தான் சாப்பிடுகிறோம். நேற்று அவளே முதலில் பேச ஆரம்பித்தாள்.

வயிற்றுப் பசி முகத்தில் தெரியும். மனசுப் பசி பக்கத்தில் உட்கார்ந்தால்தான் தெரியும். உட்காருவோமா, நண்பர்களே?

– 9-ஆம் வகுப்பு மாணவி