சாடிக்கு இருக்கிற உரிமை, சாடிக்குக் காவல் நிக்கிறவருக்கு இல்லை



லண்டனில் ஒரு பெரிய மியூசியத்தில் நான் நாலு வருஷம் காவல் வேலை செய்தனான். சம்பளம் தந்தது மியூசியம் இல்லை, கொன்ட்ராக்ட் கொம்பனி. அதில ஒன்றரை வருஷம் எங்கட தலைக்கு மேல கூரை திருத்த வேலை நடந்தது. மியூசியம் அதுக்காக ஒரு நாளும் மூடப்படவில்லை. பாதிக் கூடத்தைப் பலகையால் மறைச்சு, அதில அழகான போஸ்டர் ஒட்டி, பத்து மணிக்குக் கதவைத் திறந்துவிடுவினம்.

என்ர கூடத்தில் ஒரு பழைய மண்சாடி இருந்தது. அதின்ர கண்ணாடிப் பெட்டிக்கு அடியில தீப்பெட்டி அளவில் ஒரு அதிர்வுமானி. மேல ட்ரில் போடுற அதிர்வு ஒரு அளவைத் தாண்டினால் மஞ்சள் எச்சரிக்கை போகும், இன்னும் தாண்டினால் சிவப்பு. சிவப்பு வந்தால் வேலை நிக்கவேணும். ஒருநாள் காலமை அது வந்தது. பத்து நிமிஷத்தில் ட்ரில் சத்தம் அடங்கிச்சு. இரண்டு நிபுணர்கள் ஓடிவந்து சாடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தினம். நல்ல விஷயம்தான். ஆயிரக்கணக்கான வருஷம் தப்பி வந்த சாடி எங்கட காலத்தில் உடைய வேண்டாம்.

அதே கிழமை, நான் இருக்கிற கதிரையில் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு தூசி. என்ன தூசி என்று சூப்பர்வைசரைக் கேட்டன். அவரும் எங்கட ஆள்தான். "சும்மா தூசிதானே தம்பி" என்றார். மாஸ்க் போடலாமோ என்று கேட்டதுக்கு, "பார்க்க வாற ஆக்கள் வெருண்டுபோவினம்" என்றார். அவரைக் குறை சொல்லி வேலையில்லை. என்ன தூசி என்று அவருக்கும் ஒருத்தரும் சொல்லவில்லை.

பிரிட்டனில் இதுக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சி.டி.எம். விதிகளின்படி, வேலையைக் கொடுக்கிறவர், அதாவது மியூசியம், போதிய நேரமும் பணமும் ஒதுக்கவேண்டும். வேலை தொடங்க முதலே பாதுகாப்புத் திட்டம் எழுத்தில் தயாராக இருக்கவேண்டும். வேலையால் பாதிக்கப்படக்கூடிய எவருக்கும் ஆபத்து வராதபடி, நடைமுறையில் இயன்ற மட்டும், அதை ஒழுங்குபடுத்தவேண்டும். அந்த "எவரும்" என்ற சொல்லுக்குள் பள்ளிக்கூடப் பிள்ளையும் வருது, கக்கூஸ் கழுவுற அக்காவும் வாறா.

ஆனால் "திறந்தே வைத்திருப்போம்" என்ற முடிவை எடுக்கிறது மேல்மாடியில். நுழைவு இலவசம் என்றாலும் சிறப்புக் கண்காட்சி டிக்கெட், கடை, கபே, மண்டப வாடகை எல்லாம் இருக்குதெல்லோ. அந்த முடிவுக்குப் பிறகு கீழ எல்லாமே நெருக்கப்படுது. சத்தமான வேலையெல்லாம் பத்து மணிக்கு முதல் அவசர அவசரமா முடியவேணும். நெருப்பு வந்தால் வெளியேறுற வழி இரவோடு இரவா மாறும், காவலுக்கு நிக்கிறவருக்கு அது அன்றைக்குக் காலமைதான் தெரியவரும். தூசிக்குத் தானாக அலறும் என்று புகையுணரியை மூடிவைப்பினம். அதுக்குப் பதிலாக ஒரு ஆள் சுற்றிப் பார்க்கவேணும். அந்த ஆள் ஆர்? ஆகக் குறைஞ்ச சம்பளத்துக்கு நிக்கிறவர்.

நான் வீணாகப் பயம் காட்டவில்லை. மேற்கு சசெக்ஸில் அப்பார்க் மாளிகை, 1989 ஓகஸ்ட் 30. கூரையின் ஈயத்தகட்டுத் திருத்தம் முடியிற தறுவாயில், வேலையாட்களின் சுடர்விளக்கிலிருந்து தீ பிடிச்சது. பிற்பகல் நேரம், மாளிகை பார்வையாளருக்குத் திறந்திருந்தது. ஊழியர்களும் மற்றாக்களும் கைமாற்றிக் கைமாற்றிப் பொருட்களை வெளியில் கொண்டுவந்தினம். ஒருத்தரும் சாகவில்லை. 1995இல் திருத்தித் திரும்பத் திறந்தாச்சு. வீரக்கதை மாதிரித்தான் இப்ப அது சொல்லப்படுது. எரியிற கூரைக்குக் கீழ சாமான் தூக்க நேர்ந்தது ஏன் என்ற கேள்வி அந்தக் கதையில் சின்ன எழுத்தில்தான் இருக்கு.

கிரீனிச்சில் கட்டி சார்க் கப்பல் 2007 மே 21 எரிஞ்சது. வார இறுதி முழுக்க நிப்பாட்டாமல் விட்ட தொழிற்சாலைத் தூசியுறிஞ்சியை விசாரணை காரணமாகக் காட்டிச்சு. அது திருத்தத்துக்காக மூடியிருந்த கப்பல். ஆகவே மூடினால் மட்டும் காணாது. எதைப் பார்க்கவேணும் என்று தெரிஞ்ச, தெரிஞ்சதைச் சொல்ல அதிகாரமுள்ள ஒரு ஆள் தேவை.

நெருப்பாவது கண்ணுக்குத் தெரியும். பிரிட்டனில் அஸ்பெஸ்டஸ் முழுசாகத் தடைசெய்யப்பட்டது 1999இல்தான். அதுக்கு முந்திய எந்தக் கட்டடத்திலும் அது இருக்கலாம். அது தாற நோய் இருபது, முப்பது வருஷம் கழிச்சு வரும். கல்லும் கொங்கிரீட்டும் வெட்டுற சிலிக்காத் தூசிக்குச் சட்ட எல்லை எட்டு மணி நேரச் சராசரியில் கனமீட்டருக்கு 0.1 மில்லிகிராம். அதை எங்கட கூடத்தில் ஆரும் அளந்ததை நான் காணவில்லை. ட்ரில் பிடிக்கிற கைக்கும் அதிர்வு எல்லை இருக்கு. மேல நிண்ட ருமேனியத் தோழரிடம் கேட்டன், உங்கட கையில் மானி இருக்கோ என்று. சிரிச்சார்.

ஆபத்து என்றால் வேலையிடத்தை விட்டு விலக உரிமை இருக்கே என்று கேட்பியள். இருக்கு. 1996 வேலைவாய்ப்பு உரிமைச் சட்டத்தின் 44ஆம் பிரிவு. ஐ.டபிள்யூ.ஜி.பி. என்ற சின்னத் தொழிற்சங்கம் நீதிமன்றம் போய் வென்றதால் 2021 மே 31இலிருந்து ஒழுங்கான நியமனம் இல்லாத தொழிலாளருக்கும் அந்தப் பாதுகாப்பு வந்தது. ஆனால் அந்தப் பிரிவு கேட்கிறது கடுமையான, உடனடி ஆபத்து. முப்பது வருஷம் கழிச்சு நெஞ்சில் வாறதை எந்த மனேஜர் உடனடி என்று ஒத்துக்கொள்ளுவார்? சாடிக்கு மில்லிமீட்டர் கணக்கு, எங்களுக்கு அகராதிச் சண்டை.

"அப்ப மியூசியத்தை மூடச் சொல்லுறீரோ, ஏழைப் பிள்ளையளும் காசில்லாமல் போற இடமெல்லோ?" என்று போன கூட்டத்தில் ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. முழுசாக மூடத் தேவையில்லை, தூசி வாற கூடங்களை மூடினால் காணும். ஆனால் மூடினால் முதல் அடி ஆருக்கு? மணித்தியாலக் கணக்கில் நிக்கிற எங்களுக்கு. ஷிப்ட் வெட்டுப்படும் என்ற பயத்தில் நாங்களே "சும்மா தூசிதான்" என்று சொல்லுவம். அதனால்தான் மூடுற நாளுக்கான சம்பளமும் கட்டட வேலையின் செலவுக்குள்ளேயே, டெண்டர் போட முதலே, எழுதப்படவேணும். அதிர்வுமானிக்கு ஒதுக்கத் தெரிஞ்ச பட்ஜெட்டுக்கு இதுவும் தெரியவேணும். சிவப்பு எச்சரிக்கைக்கு இருக்கிற அதே அதிகாரம் கூடத்தில் நிக்கிறவரின் வாய்ச்சொல்லுக்கும் வேணும்.

மியூசியத்திலயோ நூலகத்திலயோ ஆஸ்பத்திரியிலயோ இப்ப திருத்த வேலை நடக்கிற இடத்தில் நிக்கிறாக்கள், பாதுகாப்புத் திட்டத்தையும் அஸ்பெஸ்டஸ் பதிவேட்டையும் காட்டச் சொல்லி எழுத்தில் கேளுங்கோ. கொன்ட்ராக்ட் கொம்பனி மியூசியத்தைக் கேள் என்னும், மியூசியம் கட்டடக் கொம்பனியைக் கேள் என்னும். மூன்று பேருக்கும் ஒரே கடிதத்தை ஒரே நாளில் அனுப்புங்கோ. தனிய அனுப்ப வேண்டாம். இந்த மடலுக்குப் பதில் போட்டால் கடிதத்தைச் சேர்ந்து எழுதுவம்.